மனசு பார்த்துத் தின்ற பூச்சி

ஆலங்கிணறு ஊரில் அந்துப்பூச்சிகள் மனசு பார்த்துத் துணி தின்னத் தொடங்கிய அந்த ஆனி மாதத்தில், ஆவுடையம்மாளின் மகளுடைய கல்யாணச் சேலை அவள் வீட்டு பீரோவின் நடுத்தட்டில், பழைய மல்வேட்டி ஒன்றில் சுற்றப்பட்டு, ஐப்பசி முகூர்த்தத்துக்காகக் காத்துக் கிடந்தது. மனம் உவந்து கொடுத்த துணியைப் பூச்சி தொடாது, மனசில்லாமல் கொடுத்த துணியை விடாது, விஷயம் அவ்வளவுதான். ஏன் அப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யார் வீட்டில் எந்தத் துணியில் ஓட்டை என்று கேட்டு முடிக்கவே பொழுது போதவில்லை.

முதலில் தெரிய வந்தது மேலத்தெரு கோமுவின் வளைகாப்புச் சேலைகளில்தான். தாய்மாமன் எடுத்த பட்டு, மோர்க்காரி சிட்டு கொடுத்த சாயம் போகிற நூல்சேலை, பெரியம்மை எடுத்த பட்டு, எல்லாம் ஒரே தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே இருந்த மாமன் பட்டு சல்லடையாகியிருந்தது, கீழே இருந்த பெரியம்மை பட்டில் கை நுழைந்தது, நடுவில் இருந்த மோர்க்காரியின் சேலையில் ஒரு நூல்கூட நலுங்கவில்லை. இரண்டு பட்டுக்கும் நடுவில் கிடந்த ஒன்றை மட்டும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போகப் பூச்சிக்கு என்ன வந்தது என்று கோமு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பிச்சம்மா வந்தாள். பிச்சம்மா ஆவுடைக்கு அடுத்த வீடு, அவள் வாய் ஊருக்கே பொது. அவள் மாமன் பட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒன் மாமன் பொண்டாட்டி சவுளிக் கடையில மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு நின்னாளாம்லா. பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பூட்டிக் கிடந்த பீரோ ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாக் கதவும் கிறீச்சிட்டன.

வேளாண்மை படித்த ஒருவர் பைக்கில் வந்து, பூச்சியை ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பாச்சா உருண்டை போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டார்கள். பூச்சிகள் அந்த உருண்டைகளின் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறின. கவுன்சிலருக்குக் கூட்டத்தில் போர்த்திய பொன்னாடை அவர் மேடையை விட்டு இறங்குவதற்குள் தோளில் விளிம்பு மட்டும் மிஞ்ச உதிர்ந்தது, அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விளிம்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயந்தானே. அம்மனுக்குச் சாத்திய சேலைகளில் எது எது ஓட்டை என்று பூசாரி யாருக்கும் சொல்வதில்லை, ஆனால் செங்கல் சூளைக்காரர் கொடுத்த சேலை அம்மன் இடுப்பில் ஒரு வெள்ளிக்கிழமைகூட நிற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணிகளின் பாடுதான் பாவம். ஒரு வீட்டில் வாங்கியதை அடுத்த வீட்டில் கொடுத்து, அங்கே வாங்கியதை இன்னொரு வீட்டில் கொடுத்து, தைக்கவே படாமல் ஊரை எத்தனையோ சுற்று வந்த அந்தத் துணிகளில், கொடுத்தவர்கள் அத்தனை பேருடைய மனசும் சேர்ந்து இருந்ததால் அவை தொட்டாலே பொடியாயின.

இதனால் பிழைத்தது ஒரே ஒரு வியாபாரம். துணி கொடுக்கப் பயந்தவர்கள் எல்லாம் எவர்சில்வர் கொடுக்கத் தொடங்கினார்கள். எவர்சில்வரை எந்தப் பூச்சி தின்னும்? கல்யாணத்துக்குக் குடம், காதுகுத்துக்கு டம்ளர், கிரகப்பிரவேசத்துக்கு இட்லிக் கொப்பரை என்று ஆவுடையின் புருஷன் ஐயம்பெருமாளின் பாத்திரக் கடையில் கூட்டம் அலைமோதியது. பூச்சியை வளர்த்து விட்டதே ஐயம்பெருமாள்தான் என்று சிலர் சொன்னார்கள். அவர் காதில் விழுந்தபோது, "வளக்கத் தெரிஞ்சா நான் ஏன்ல பாத்திரம் விக்கேன்" என்றார், அதையும் யாரும் நம்பவில்லை.

ஆவுடைக்கு யாரையும் எதற்கும் நம்பிப் பழக்கமில்லை. தேங்காயைக் கடையிலேயே உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள், வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை முகர்ந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவளைக் கேட்காமலே அவள் புருஷன், மகள் ரஞ்சனியைத் தன் அக்காள் உலகம்மையின் மகனுக்குத் தருவதாக, கடையில் நின்றபடியே காபி குடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டார். உலகம்மை பக்கத்து ஊர் கீழப்பாறையில் இருந்தாள். நெட்டையான மனுஷி, பேச்சுக் குறைவு, மூத்தவளானாலும் தம்பி பெண்டாட்டியையும் மைனி என்றுதான் கூப்பிடுவாள். ஆவுடை வாக்கப்பட்டு வந்த நாள் முதல் இந்த நாத்தனார் அவள் குழம்பை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை, சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். குறை சொல்கிறவளையாவது ஒரு வழியில் நம்பலாம், ஒன்றுமே சொல்லாதவளை எப்படி நம்புவது? பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் அந்த மௌனத்துக்குள் எப்படி விடுவது?

வைகாசியில் நிச்சயதாம்பூலம் நடந்தபோது பூச்சிக்கு இன்னும் புத்தி வந்திருக்கவில்லை. முறைப்படி உலகம்மை கல்யாணச் சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள், அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட கனத்த பட்டு. முறைப்படி ஆவுடை சம்பந்திச் சேலை கொடுத்தாள், மயில்கழுத்து நிறம். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணச் சேலை பெண் வீட்டில்தான் இருக்கும். ஆவணி கடைசி வெள்ளியில் மாப்பிள்ளையின் தாயார் வர, தெருப் பெண்கள் எல்லாம் கூட, அதை மடிப்புப் பிரித்துப் பாயில் விரித்து, ஆளாளுக்கு ஒரு மஞ்சள் பொட்டு வைத்து வாழ்த்துவார்கள். சேலை விரிப்பு என்று பெயர். முன்பெல்லாம் அது சுண்டல் தின்று சிரித்துக் கலையும் ஒரு மத்தியானம், அவ்வளவுதான். இந்த வருஷம் அது பஞ்சாயத்து.

சேலையில் ஓட்டை இருந்தால், உலகம்மைக்கு ரஞ்சனியைப் பிடிக்கவில்லை என்பது தெரு முழுக்கத் தெரிந்துபோகும், அதற்குப் பிறகு கல்யாணத்தை நிறுத்தினாலும் அவமானம், நடத்தினாலும் பிள்ளை வேண்டாத வீட்டில் போய் விழுந்ததாக ஆகும். ஓட்டை இல்லாவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். இதைத் தெரிந்துகொள்ள பீரோவைத் திறந்து மல்வேட்டியை விலக்கினால் போதும். ஆவுடைக்குக் கை வரவில்லை. சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துப் போட்டுக்கொண்டாள்.

"அத்தை நல்லாத்தானம்மா பேசுதாக" என்றாள் ரஞ்சனி.

"நல்லாப் பேசுதவ மனசுக்குள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்."

"ஒனக்குத்தாம்மா புடிக்கல. அதைச் சொல்லேன் வெளிப்படையா."

ஆவுடை பால் பொங்குகிறதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் பால் இல்லை.

பாச்சா உருண்டைக்குப் பெப்பே காட்டிய பூச்சி பழைய வைத்தியத்துக்குப் பயந்தது என்பது ஆடி பிறந்ததும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. முற்றின வேப்பிலையை நிழலில் உலர்த்தி, நொச்சி இலையோடு சேர்த்து, கிராம்பு இரண்டைத் தட்டிப் போட்டு, வசம்புத் துண்டுகளோடு மெல்லிய துணியில் முடிந்து மடிப்புக்கு ஒன்றாக வைத்தால் போதும், மனசில்லாமல் கொடுத்ததானாலும் பூச்சி வாசலோடு திரும்பிவிடும். இலை நேரே பட்டில் படக்கூடாது, சரிகை கறுத்துப்போகும், ஈரம் துளிகூட இருக்கக்கூடாது, மாதம் ஒருமுறை முடிச்சை மாற்ற வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வாசம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்த பீரோவில் வைத்துப் பூட்டுவது? எந்த வீட்டில் வேப்பிலையும் வசம்பும் மணக்கிறதோ அந்த வீட்டில் மறைக்க என்னவோ இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பெண்கள் உறை மோர் கேட்கிற சாக்கில் வந்து மூக்கை உறிஞ்சினார்கள், ஆண்கள் வாசலில் நின்று ஜலதோஷம் பிடித்தவர்கள்போலக் காற்றை இழுத்தார்கள், பகையாளி வீட்டு ஜன்னலில் நொச்சிக் கொத்தைச் செருகிவிட்டுப் போனவர்களும் உண்டு. வேப்பமரம் நின்ற வீட்டுக்காரர்கள் பாவம், மரத்தையே வெட்டிப் போட்டார்கள்.

வேப்பிலையும் நொச்சியும் வேலியிலேயே கிடைக்கும், வசம்பு மட்டும் கடையில்தான் வாங்க வேண்டும். அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் பிள்ளை மருந்து என்று சொல்லிக் கேட்பதுதான் வழக்கம், சுட்டு உரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற சாமான் அல்லவா? அதனால் வீட்டில் கைக்குழந்தை இல்லாதவள் பிள்ளை மருந்து வாங்கினால் அவள் குட்டு அங்கேயே உடைந்துவிடும். ஆவுடை யோசித்தாள். பிச்சம்மாவின் பேத்தியை, வேடிக்கை காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ராவுத்தரின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

"பிள்ளைக்கு என்ன தாயி, வயிறு உப்புசமா?" என்றார் ராவுத்தர்.

"ஆமா பாய். பிள்ளை மருந்து குடுங்க."

"எவ்வளவு?"

"கால் கிலோ."

ராவுத்தர் பிள்ளையைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார். "ஆனைக்குட்டிக்குக் கூட இது ஒரு வருசத்துக்குக் காணுமே" என்றார். ஆனாலும் நிறுத்துக் கொடுத்தார், அந்த ஆடியில் கால் கிலோ கேட்ட முதல் ஆள் அவள் இல்லை.

சேலையை விரித்துப் பார்க்காமலே, மல்வேட்டிக்குள் கையை மட்டும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுகளை மடிப்புக்கு மடிப்பு செருகினாள். விரலுக்கு ஓட்டை தட்டுப்படுகிறதா என்று விரலே தேடியது, அவள் விரலை அதட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் சாம்பிராணி, வெங்காய வதக்கல், கருவாடு என்று வேறு வேறு வாசங்களை மாற்றி மாற்றி எழுப்பினாள். சைவக்காரி வீட்டில் கருவாடு மணந்தால் சந்தேகம் கூடுமா குறையுமா? பிச்சம்மா ஒருநாள் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஒங்க வீட்ல இருந்து எம்பேத்தி வாசம் வருதே மைனி" என்றாள். ஆவுடை தனக்கு வயிற்று வலி என்றாள். "வலிக்கத்தான செய்யும்" என்றுவிட்டுப் பிச்சம்மா போனாள்.

ஆவணி கடைசி வெள்ளி வந்தது. தெருப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்தார்கள், கோமு கைப்பிள்ளையோடு வந்தாள். உலகம்மை பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பை ஒழுங்காகக் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, செம்பைக் கழுவி வைத்தாள். அவள் கட்டியிருந்தது ஆவுடை கொடுத்த மயில்கழுத்துச் சேலை. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்தியிருந்தாள், அந்த வெக்கையிலும்.

பீரோவைத் திறந்ததுமே வாசம் கூடத்தை நிறைத்தது. எல்லாரும் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார்கள். ஆவுடை முடிச்சுகளைப் புடவை மறைவில் ஒவ்வொன்றாக உருவி மடியில் கட்டிக்கொண்டு, சேலையைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். ரஞ்சனிதான் மறுமுனையைப் பிடித்தாள். விரித்தார்கள். முந்தானை, உடல், கரை என்று நாலு பக்கமும் குனிந்து தேடினார்கள், கோமு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை இல்லை. ஊசிமுனை அளவுகூட இல்லை.

ஆவுடைக்கு மூச்சு வந்தது. ஒரே மூச்சு. அதற்குள் பிச்சம்மா, "ஊரு மருந்தெல்லாம் உள்ள வச்சா, கந்தல் துணிகூடத்தான் கெட்டியா இருக்கும்" என்றாள். கூடம் தலையாட்டியது. ஆமாம், இதில் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை.

உலகம்மை தெருவைப் பார்க்கவில்லை, ஆவுடையை மட்டும் பார்த்தாள். "மருந்து வச்சியளா மைனி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் ஆவுடை, மடியில் முடிச்சுகள் கனத்தன. "வச்சேன்."

"விரிச்சுப் பாத்துட்டு வச்சியளா, பாக்காம வச்சியளா?"

"பாக்காமத்தான்."

"அப்பம் மருந்து இருக்கிற வரைக்கும் நான் எப்படிக் குடுத்தேன்னு ஒங்களுக்குத் தெரியப் போறதே இல்ல" என்றாள் உலகம்மை. பிறகு தோளைச் சுற்றியிருந்த முந்தானையை மெதுவாக எடுத்து எல்லாரும் பார்க்கும்படி விரித்தாள். மயில்கழுத்துப் பட்டில் ஓட்டை இல்லாத இடம் தேட வேண்டியிருந்தது. சிலவற்றை அதே நிற நூலால் இழையோட்டித் தைத்திருந்தாள், பக்கத்திலேயே பூச்சி மறுபடி தின்றிருந்தது. "நான் ஒரு இலைகூட வைக்கல. மைனி எப்படிக் குடுத்தாகன்னு பாப்போம்னு சும்மா விட்டு வச்சேன். பாத்துட்டேன்."

இத்தனை நாளும் ஆவுடை மகளின் சேலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள், தான் கொடுத்த சேலை ஒன்று உலகத்தில் இருப்பதே அவள் நினைவில் இல்லை. பூச்சி கீழப்பாறைக்கும் போகும், அங்கேயும் மனசு பார்க்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஊரில் எல்லாரும் செய்த தப்பும் அதுதான், வாங்கிய துணிகளைத்தான் ஒவ்வொருத்தரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், கொடுத்ததை யார் நினைத்தார்கள்?

"சேலைய இப்படிக் குடுத்திய. சரி. பிள்ளைய எப்படிக் குடுக்கப் போறிய? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் உலகம்மை.

ஆவுடை தரையைப் பார்த்தாள். பொய் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, ஆனால் வாயில் வந்தது உண்மைதான். "மனசில்லாமத்தான் மைனி" என்றாள். "என்னைய யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல. நீங்க ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டிய, நல்லா இல்லன்னும் சொல்ல மாட்டிய. எம்பிள்ளை ஒங்க வீட்ல உப்புக் கூடிப்போச்சா குறைஞ்சு போச்சான்னு தெரியாமலே சாவா. அந்தப் பயந்தான்." சொல்லி முடித்ததும் அழுகை வந்தது, அழுதாள்.

"எங்கம்மைக்கு வாய் சாஸ்தி, ஒங்களுக்கே தெரியும்" என்றாள் உலகம்மை. "நீங்க வாக்கப்பட்டு வாரதுக்கு முந்தி, சாப்பாட்டுத் தட்ட வச்சுட்டு அவ பேசுன பேச்சுல எங்க அண்ணன் பொண்டாட்டி வீட்ட விட்டே போயிட்டா. அதுல இருந்து சோத்தப் பத்தி நான் வாயே தொறக்கிறதில்ல. ஒங்க புளிக்கொழம்பு எனக்கு ரொம்பப் பிரியம். கேட்டியன்னா சொல்லியிருப்பேன்." முந்தானையை மறுபடி போர்த்திக்கொண்டாள். "முகூர்த்தத்துக்கு நாள் கெடக்கு. மருந்த எடுத்துருங்க. பூச்சி பாத்துச் சொல்லட்டும். எனக்கும் வேற சேலை ஒண்ணு எடுத்துக் குடுங்க. மனசு வந்தாக் குடுங்க, வரலன்னாக் குடுக்காதிய, நான் இதையே கட்டிக்கிட்டு வாரேன்."

அப்படியே நடந்தது. ஆவுடை முடிச்சுகளையெல்லாம் முறத்தில் அள்ளித் தெருவில் கொட்டினாள், அதைப் பார்த்து, வாசமே இல்லாத வீட்டில் இன்னும் பெரிதாக என்னவோ இருக்கிறது என்று தெரு பேசிக்கொண்டது. புரட்டாசி முழுக்க அவள் பீரோவைத் திறக்கவில்லை, சாவியை மட்டும் செயினிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். சில மத்தியானங்களில் பீரோவின் இடுக்கு வழியே சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி உள்ளே போவதைப் பார்ப்பாள். விளக்குமாற்றை எடுப்பாள், வைத்துவிடுவாள். சவுளிக் கடைக்குப் போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தாள். கடைக்காரப் பையன்கள் அவளைக் கண்டாலே சேலைகளைப் பிரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒருநாள், பையன்களைக் கேட்காமலே ஒன்றை எடுத்து, கண்ணாடியில் தன் முகத்தோடு வைத்துப் பார்த்து, இது நெட்டையாக இருக்கிறவளுக்கு நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னாள். மாம்பழ நிறம். அதை வாங்கினாள், ஆனால் கொடுக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

முகூர்த்தத்தன்று விடியற்காலம் மண்டபத்தின் பின்னறையில் மகளுக்குச் சேலை கட்டிவிடும்போதுதான் மடிப்பைப் பிரித்தாள். முந்தானையில் இல்லை. கரையில் இல்லை. இடுப்பில் செருகுகிற முனையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், மிளகளவு ஒரே ஒரு ஓட்டை இருந்தது.

ஆவுடை அதை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் நாத்தனார் சேலை விரிப்பன்று தனக்குத் தெரியாமல் எங்கேயோ மருந்து வைத்திருக்கிறாள் என்று ஆயுசுக்கும் சந்தேகப்பட்டிருப்பாள். இது மிளகளவு. இதைவிடக் குறைந்த வருத்தத்தோடு எந்த மாமியாரும் எந்த மருமகளையும் வீட்டுக்குள் விட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை, தன் மாமியார் உட்பட. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா?" என்றாள் ரஞ்சனி. "ஒண்ணுமில்ல, நல்ல சேலை" என்று சொல்லி அந்த முனையை மகள் இடுப்பில் செருகினாள்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் அறைக்குப் போனாள். உலகம்மை சொன்னபடியே கந்தல் பட்டைக் கட்டிக்கொண்டு, ஓட்டைகளை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவுடை மாம்பழ நிறச் சேலையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இத எப்படிக் குடுக்கேன்னு எனக்கே சரியாத் தெரியல மைனி" என்றாள். "பெட்டியில வச்சுப் பாருங்க. ஓட்டை விழுந்தாச் சொல்லுங்க, வேற எடுத்துத் தாரேன்."

உலகம்மை சேலையை வாங்கிப் பிரித்தாள். அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, கட்டியிருந்ததை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"பெட்டியில வச்சுப் பூச்சிகிட்ட யாரு கேக்கப் போறா" என்றாள். "இப்பமே கட்டிக்கிடுதேன். குனிஞ்சு கொசுவத்தப் பிடிங்க மைனி, நேரமாச்சு."